ஒரே பெயரில் இரண்டு கழுத்துகள்

கட்டி நின்றுகொண்டிருந்தது.

டொக்டர் ஸப்னா ஸ்கேன் கருவியைச் சற்றுத் திருப்பி, கழுத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள். அப்போதும் அது நின்றது.

தைரொயிட் சுரப்பியில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை சோம்பேறிகள். சுரப்பியின் வாட்டத்துக்கு வளைந்துகொடுத்து, பாயில் படுத்தமாதிரிப் படுத்துக் கிடக்கும். அவற்றால் ஒரு கெடுதியும் இல்லை. வலப் பக்கத்தில் இருந்த இந்தக் கட்டியோ அகலத்தைவிட உயரம் கூடி, நட்டுவைத்த கல்லைப்போல நிமிர்ந்திருந்தது. கன்னங்கரிய உடம்பு. கையால் கிழித்த கடதாசிபோல விளிம்பு. உள்ளே உப்பை நுணுக்கித் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். பதினான்கு மில்லிமீற்றர்.

ஒவ்வொன்றாக வந்திருந்தால் பொறுத்திருக்கலாம். எல்லாம் சேர்ந்து வந்திருந்தன.

கருவியைக் கழுத்தின் ஓரத்துக்கு நகர்த்தினாள். அங்கே ஒரு நெறி, அதாவது நிணநீர் முடிச்சு, வழக்கமாக நடுவில் இருக்கிற வெள்ளைக் கோட்டைத் தொலைத்துவிட்டு உருண்டையாக இருந்தது. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எவ்வளவு காலமா இரிக்கி இந்தக் கட்டி?" என்று கேட்டாள்.

கட்டிலில் கிடந்தவள் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற தாய் ஆமினா உம்மா முந்திக்கொண்டாள்.

"இப்ப ஒரு ரெண்டு மாசமா டொக்டர்."

"சாப்பாடு முழுங்கக்குள்ள இடைஞ்சல் இரிக்கா?"

"அதெல்லாம் இல்ல. நல்லாச் சோறு தின்றா."

"நான் அவட்டக் கேட்டன் உம்மா."

"அவக்கு வெக்கம் டொக்டர்."

ஸப்னா பட்டியலைப் பார்த்தாள். சுல்பிகா. வயது முப்பத்தொன்று. மருதமுனை. இரண்டு பிள்ளைகளின் தாய். இரண்டு பெற்றவளுக்கு ஒரு பெண் டொக்டரிடம் என்ன வெட்கம்? அவள் நிகாபைத் தாடைவரைதான் தூக்கியிருந்தாள். கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. கழுத்தைப் பார்க்க வந்தவளுக்குக் கழுத்து தெரிந்தால் போதும் என்று ஸப்னாவும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

"உம்மா, இந்தக் கட்டியில ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்துப் பாக்கணும். வாற கிழமைக்குள்ள."

"மருந்து குடுத்தாக் கரையாதா?"

"கரையாது."

"ஒரு ரெண்டு மூணு மாசம் பொறுத்துப் பாத்தா?"

"ஏன் பொறுக்கணும்?"

ஆமினா உம்மா கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த விசயம் வேற ஆருக்கும் தெரிய வருமா டொக்டர்?" என்றாள்.

"ரிப்போட்டை உங்கட கையிலதான் தருவம். வெளியில இருங்க, அடிச்சுத் தாறன்."

அவர்கள் போனதும் கணினியில் பெயரைத் தட்டினாள். அதே பெயரில், அதே அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு பழைய ஸ்கேன் எழும்பி வந்தது. இரண்டு வருடம் முந்தியது. அடியில் கையெழுத்து: ஸப்னா.

எழுதியிருந்ததைப் படித்தாள். 'ஆபத்தில்லாத கட்டி. ஊசி தேவையில்லை. இரண்டு வருடம் கழித்துப் பார்க்கவும்.'

கையெழுத்தை மறுபடியும் பார்த்தாள்.

ஆறு வருடமாகக் கல்முனை பிரதான வீதியின் இந்த மாடியில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான கழுத்துகளைப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு இது தன் கண்ணிலிருந்து தப்பியிருக்கிறதா? ஆபத்தில்லை என்று எழுதி அனுப்பிய கட்டிதான் இரண்டு வருடத்தில் இப்படி எழுந்து நிற்கிறதா?

பழைய படங்களைத் திறந்தாள். கட்டி இருந்தது, இடப் பக்கத்தில். பேக்கரிப் பாணைப் பிய்த்தால் தெரிகிற உட்பக்கம்போல, முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். அப்படிப்பட்ட கட்டியைப் பற்றி எந்த டொக்டரும் கவலைப்படமாட்டார். அவள் எழுதியது சரிதான்.

அப்படியென்றால் அந்தக் கட்டி இப்போது எங்கே?

சற்றுமுன் எடுத்த படங்களை அடுத்து வைத்தாள். இடப் பக்கம் துடைத்துவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது. வெட்டிய தழும்பு இல்லை, வற்றிய அடையாளமும் இல்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. பழைய படத்தில், சுரப்பியின் நடுவிலிருந்து மேல்நோக்கி ஒரு சதை நாக்கு நீண்டிருந்தது. சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும், யாருக்கும் தொந்தரவில்லாத ஒன்று. புதிய படத்தில் அந்த நாக்கே இல்லை.

பிறவியில் வந்தது எப்படிக் காணாமல் போகும்?

ஸப்னா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். காத்திருக்கும் வாங்கில் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். தாயும் மகளும் இல்லை.

"செல்லத்தங்கம் அக்கா, அந்த மருதமுனை ஆக்கள் எங்க?"

பதிவு மேசையில் இருந்த செல்லத்தங்கம் காரைதீவுக்காரி. நிலையத்தில் ஸப்னாவைவிட நான்கு வருடம் மூப்பு. "அவங்க அப்பவே இறங்கிப் போயிட்டாங்க டொக்டர். ரிப்போட் வேணாமா எண்டு கேட்டன். மறுகா வாறம் எண்டுபோட்டு ஒரே ஓட்டம்."

"அடையாள அட்டையப் பாத்தீங்களா?"

"பாத்தன்."

"முகம் ஒத்திருந்ததா?"

"முகத்த ஆரு டொக்டர் காட்டின? உள்ளுக்க போய் நீங்க பாத்தீங்களா?"



ஸப்னா அறைக்குள் போய், பதிவில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். ஓர் ஆண் குரல் வந்தது.

"ஓம், சுல்பிகாட நம்பர்தான். நான் அவட மாப்பிள்ளை மிஹ்லார். நீங்க ஆரு?"

"கல்முனையில ஸ்கேன் எடுக்கிற இடத்திலயிருந்து. அவ இருக்காவா?"

"அவ எங்க போற? காலையிலயிருந்து வீட்டதான். சின்னவனுக்குக் காய்ச்சல் எண்டு மடியிலயே வச்சிக்கிட்டு இரிக்கா. நான் வாங்கிக் குடுத்த சூரை மீன் இன்னும் வெட்டாம சட்டியில கிடந்து என்னையே பாக்குது. என்ன விசயம்?"

"ஒண்டுமில்ல, அவட பழைய ஸ்கேன் ஒண்டப் பத்தித்தான். குடுங்க."

ஏதோ கதவு சாத்துகிற சத்தம். பிறகு ஒரு பெண் குரல், மூச்சோடு மூச்சாக. "சொல்லுங்க டொக்டர்."

"இண்டைக்குக் காலையில ஸ்கேனுக்கு வந்தது நீங்களா?"

"ஓம். நான்தான் வந்த."

"கட்டி எந்தப் பக்கம் இரிக்கி?"

"இடப் பக்கம்."

ஸப்னா கண்ணை மூடிக்கொண்டாள். "சுல்பிகா, காலையில நான் பாத்த கட்டி வலப் பக்கம்."

தொடர்பு அறுந்தது. திரும்ப எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. சாய்ந்தமருதில் பிறந்து வளர்ந்தவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பதினேழு வயதில் அவளுக்கே மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் போனபோது, அவளுடைய உம்மா கலியாணம் முடித்த சாச்சியின் பெயரைச் சொல்லித்தான் மருந்து எடுத்தாள். கலியாணம் முடித்த பெண்ணின் பெயருக்கு ஒரு நோய் வந்தால் அது வெறும் நோய். முடிக்காதவளின் பெயருக்கு வந்தால் பேச்சு. மாப்பிள்ளை வீட்டுக்கு அது போய்ச் சேர எத்தனை நாள் எடுக்கும்? கிளினிக் வாங்கில் எப்போதும் யாராவது ஒரு மாமி இருப்பாள்.

ஆக, கட்டிலில் கிடந்தவள் கலியாணம் முடிக்காதவள். அநேகமாகத் தங்கச்சி. புற்றுநோய் என்று ஏறத்தாழ நிச்சயமான ஒரு கட்டியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, பெயரில்லாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

"வீட்ட போய்ப் பாத்தா என்ன டொக்டர்?" என்றாள் விசயத்தைக் கேட்ட செல்லத்தங்கம்.

"டொக்டர்ட கார் வாசலில நிண்டாப் போதும், அக்கா. ஊரே கதைக்கும். மறுகா அந்தப் புள்ளைய ஒரு ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போகமாட்டாங்க."

"தமக்கைக்காரிய இஞ்ச கூப்பிடுவம். அவக்கு உண்மையாவே ரெண்டு வருசச் சோதனை இரிக்கிதானே? அத என்னட்ட விடுங்க."

செல்லத்தங்கம் தொலைபேசியை எடுத்தாள். குரலில் தேன் வடிந்தது. "தம்பி மிஹ்லார், உங்கட மனுசிக்கு ரெண்டு வருசச் சோதனை பிந்திப் போச்சு கண்டீங்களா. சனிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டி வந்திருங்க. பயப்பட ஒண்டுமில்ல, ஆனா வராம விடக்கூடாது."

சனிக்கிழமை மிஹ்லாரே மனைவியை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினான். "கெதியா முடிச்சிட்டு வா, நான் கீழ தேத்தண்ணி குடிச்சிட்டு நிக்கன்" என்று சொல்லிவிட்டுப் போனான். சுல்பிகா மேலே வந்தாள். அறைக் கதவு சாத்தியதும் நிகாபைத் தானாகவே கழற்றினாள். அழுது வீங்கிய முகம்.

ஸப்னா அவளைப் படுக்கச் சொல்லி, பசையைத் தடவி, கருவியை வைத்தாள். இடப் பக்கத்தில் அதே பாண் துண்டு. நடுவிலிருந்து மேலே நீண்ட அதே சதை நாக்கு. இரண்டு வருடத்தில் ஒரு மில்லிமீற்றர்கூட வளரவில்லை.

"உங்களுக்கு ஒண்டுமில்ல. இது நல்ல கட்டி" என்றாள். பிறகு திரையைச் சுல்பிகாவின் பக்கம் திருப்பி, புதன்கிழமை காலையில் எடுத்த படத்தைப் பக்கத்தில் போட்டாள். "இது ஆர்ட கழுத்து?"

சுல்பிகா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் பாருங்க. உங்கடது படுத்துக் கிடக்கு. இது நிக்கிது. உங்கடதுக்கு ஒழுங்கான விளிம்பு இரிக்கி. இதுக்கு இல்ல, பக்கத்துச் சதைக்குள்ள கையை விடப் பாக்குது."

"தங்கச்சிட" என்றாள் சுல்பிகா. சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "நப்லா. இருவத்திரெண்டு வயசு. ஒலுவில் கெம்பஸில கடைசி வருசம்."

"கலியாணம் பேசியாச்சா?"

"வாற மாசம் பதினெட்டுக்கு நாள் வச்சாச்சு. மாப்பிள்ளை அக்கரைப்பற்று, றினாஸ் எண்டு. வாப்பா அவளுக்கெண்டு கட்டின வீட்டுக்குப் பெயின்ற் அடிச்சுக்கொண்டு நிக்காரு. உம்மா சொல்றா, நிக்காஹ் முடியட்டும், மறுகா புருசன்ட பொறுப்பு, அப்ப மெதுவாச் சொல்லிக்குவம் எண்டு. இப்ப தெரிஞ்சா அவங்க விட்டுட்டுப் போவாங்க. அவங்க விட்டா வேற ஆரும் வரமாட்டாங்க."

"நப்லாவுக்குத் தெரியுமா?"

"கொழுப்புக் கட்டி எண்டு சொல்லி வச்சிரிக்கி."

"ஊசி குத்தணும் எண்டு நான் சொன்னது அவட காதிலயும் விழுந்ததே."

"ஊசி போட்டாக் கரைஞ்சிரும் எண்டு உம்மா சொல்லிட்டா." சுல்பிகா எழுந்து உட்கார்ந்தாள். கழுத்தில் பசை வழிந்துகொண்டிருந்தது. "என்ட அடையாள அட்டையக் குடுத்தது நான்தான் டொக்டர். தங்கச்சிக்குப் பேர் கெடக்கூடாது எண்டு குடுத்தன். வாய் திறந்தா என்ட மையத்து முகத்திலயும் முழிக்காதே எண்டு உம்மா சொல்லிட்டா. நீங்க லேசாக் கேக்கிறீங்க. உங்கட தங்கச்சிக்கெண்டா நீங்க என்ன செய்வீங்க?"

பொய் சொல்ல ஸப்னாவுக்கு மனம் வரவில்லை.

"நானும் முதல்ல ஒளிச்சிருப்பன்" என்றாள். "இது நாளைக்கே கொல்ற நோயெண்டு உங்களப் பயம் காட்டவும் மாட்டன். ஊசியில அது புற்றுநோய்தான் எண்டு வந்தாலும், நேரத்தோட வெட்டி எடுத்தா நிறையப் பேர் சுகமாகி, புள்ளை குட்டியோட வாழ்றாங்க. ஆனா நோய் இப்ப உங்கட பேர்ல கிடக்கு சுல்பிகா. கடதாசியில நப்லாக்கு ஒரு நோயும் இல்ல. நோயில்லாத ஆளுக்கு ஆரு வைத்தியம் செய்யிற?"

ஸப்னா திரையில் நெறியைத் தொட்டுக் காட்டினாள்.

"கலியாணம் முடியும். மறுகா புள்ளை உண்டாகும். அத வச்சிக்கொண்டு இத எப்பிடிச் சொல்ற எண்டு இன்னும் ஒரு வருசம் போகும். பக்கத்து நெறியில ஏற்கெனவே ஒரு மாற்றம் இரிக்கி. அது ஒரு வருசம் பொறுக்குமா எண்டு எனக்குத் தெரியா. இன்னொண்டும் கேளுங்க. இந்த ரிப்போட் உங்கட பேர்ல போனா, நாளைக்கு ஒரு டொக்டர் உங்கட நல்ல கழுத்த வெட்டுவாரு."

"அப்ப அந்த ரிப்போட்?"

"அதில நான் கையெழுத்து வைக்கல்ல. வைக்கவும் மாட்டன். பேருக்குரிய ஆள் வரட்டும்."

கீழே மோட்டார் சைக்கிள் இரண்டு தடவை ஹோர்ன் அடித்தது. சுல்பிகா அவசரமாகக் கழுத்தைத் துடைத்தாள். கதவடியில் நின்று, "நான் உங்கட்ட ஒண்டும் சொல்லல்ல எண்டே இரிக்கட்டும் டொக்டர்" என்றாள். போய்விட்டாள்.

ஞாயிறு போனது. திங்கள் போனது. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் ஸப்னாவின் கண் அந்தப் பக்கம் போனது. செவ்வாய்க்கிழமை வந்தவர்களில் மூன்று பேருக்குக் கழுத்துக் கட்டி. மூன்றும் படுத்துக் கிடந்தன. அவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். ஸப்னாவால் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடியவில்லை. தேடிப் போனால் ஊர் கதைக்கும். போகாமல் விட்டால் அந்தக் கழுத்து பதினெட்டாம் திகதி தாலிக்குக் குனியும். இரண்டுக்கும் நடுவில் அவளிடம் இருந்தது கையெழுத்தில்லாத ஒரு தாள் மட்டும்.

புதன்கிழமை, வாங்குகள் நிறைந்திருந்த நேரம். வெளியே ஏதோ பேச்சு திடீரென்று நின்றதைக் கேட்டு ஸப்னா அறைக் கதவைப் பாதி திறந்தாள்.

பதிவு மேசையின் முன்னால் ஒரு பெண் நின்றாள். நிகாப் இருந்தது. ஆனால் குரலில் மறைப்பு இல்லை.

"பேர் நப்லா. கச்சிமுகம்மது நப்லா. வயசு இருவத்திரெண்டு. கழுத்தில கட்டி, ஊசிச் சோதனைக்கு வந்த."

செல்லத்தங்கம் அட்டையை வாங்கினாள். "முகத்த ஒருக்காக் காட்டுகா புள்ள. இனி நான் பாக்காம ஆரையும் விடமாட்டன்."

நப்லா மேசைப் பக்கம் திரும்பி, நிகாபைத் தூக்கிக் காட்டிவிட்டு இறக்கினாள். வாங்கில் இருந்த பருத்த பெண்ணொருத்தி முன்னுக்குக் குனிந்தாள்.

"மருதமுனை கச்சிமுகம்மதுட மகள்தானே? வாற மாசம் கலியாணம் எண்டு கேள்விப்பட்டன். என்ன மகள் கட்டி?"

"என்ன கட்டியெண்டு பாக்கத்தான் மாமி வந்திரிக்கன்."

"அல்லாஹ்! மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா?"

"நேத்து நானே கோல் எடுத்துச் சொல்லிட்டன் மாமி. நீங்க கஷ்டப்பட வேணாம்."

யாரோ அடக்கமாகச் சிரித்தார்கள். பருத்த பெண் வாங்கில் சாய்ந்துகொண்டாள்.

உள்ளே, நப்லா கட்டிலில் ஏறிப் படுத்தாள். செல்லத்தங்கம் அவள் கால்களின் மேல் ஒரு துணியைப் போர்த்தினாள்.

"ராத்தா படத்தப் பத்திச் சொன்னா" என்றாள் நப்லா. "ஞாயித்துக்கிழமை. உம்மா ராத்தாவோட கதைக்கிறல்ல இப்ப."

"றினாஸ் என்ன சொன்னாரு?"

"உம்மாவோட கதைச்சிட்டுச் சொல்றன் எண்டாரு. இன்னும் எடுக்கல்ல." கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "டொக்டர், இது என்னெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஸ்கேன் சந்தேகத்தத்தான் சொல்லும். நிச்சயம் ஊசியிலதான் தெரியும்."

"எவ்வளவு சந்தேகம்?"

ஸப்னா அவள் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குப் பார்க்காமல் விட்ட முகம். "கூட" என்றாள்.

நப்லா தலையை அசைத்தாள்.

"இப்ப எச்சில் முழுங்கக்கூடாது. கதைக்கவும் கூடாது. பத்து வரைக்கும் மனசில எண்ணுங்க."

திரையில் ஊசி ஒரு வெள்ளைக் கோடாக இறங்கியது. நின்றுகொண்டிருந்த கறுப்பை நோக்கிச் சாய்ந்து, விளிம்பைத் தொட்டு, உள்ளே போனது. நப்லாவின் விரல்கள் கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்தன. ஒரு தடவை. இரண்டாம் தடவை. பக்கத்து நெறியிலும் ஒரு தடவை. எடுத்ததைக் கண்ணாடித் தகடுகளில் பூசி, ஒவ்வொன்றிலும் பெயரை எழுதி, செல்லத்தங்கம் அதை நப்லாவுக்கே வாசித்துக் காட்டினாள்.

அந்த நேரம் கதவு தட்டப்பட்டது. மெதுவாக, இரண்டு தடவை.

ஆமினா உம்மா. மூச்சு வாங்கியது. பேருந்திலிருந்து இறங்கி மாடிப்படியில் ஓடி வந்திருக்கிறாள் போலும். அபாயாவின் ஓரத்தில் வீதிப் புழுதி. கட்டிலில் கழுத்தில் பஞ்சோடு கிடக்கிற மகளைப் பார்த்தாள். ஸப்னாவைப் பார்த்தாள். ஏசுவதற்குத்தான் வந்திருக்கிறாள் என்று ஸப்னா நினைத்தாள். அவளும் தயாராகத்தான் நின்றாள்.

"குத்தியாச்சா?" என்றாள் ஆமினா உம்மா.

"ஓம்."

"நொந்ததா மகள்?"

நப்லா வாயைத் திறக்கவில்லை. கதைக்கக்கூடாது என்று சொன்னதை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணின் ஓரத்தால் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. ஆமினா உம்மா கட்டிலடியில் போய், அபாயாவின் கைநுனியால் அந்தக் காதைத் துடைத்தாள்.

செல்லத்தங்கம் படிவத்தோடு தயங்கி நின்றாள். "டொக்டர், கூட வந்த ஆள்ட பேர் எண்டு ஒரு இடம் இரிக்கி. தனிய வந்ததால வெறுமையா விட்டிருக்கன். அப்பிடியே அனுப்பவா?"

"ஏன் அனுப்புற?" ஆமினா உம்மா திரும்பினாள். "நான் வந்து நிக்கன்தானே? எழுதுங்க. ஆமினா உம்மா. தாய். என்ட அடையாள அட்டையப் பாத்து எழுதுங்க." கைப்பையைத் திறந்து அட்டையைத் தேடினாள். அவசரத்தில் சாவிக்கொத்தும் தஸ்பீஹ் மாலையும் நிலத்தில் விழுந்தன. அவள் அவற்றை எடுக்கவில்லை. அட்டையை மேசையில் வைத்து, நிகாபையும் தூக்கி, செல்லத்தங்கம் எழுதி முடிக்கும்வரை அப்படியே நின்றாள்.

"எத்தன நாளில வரும்?" என்றாள் பிறகு.

"ஒன்பது நாள்."

"கெட்டது எண்டா ஆரு வெட்டுற? மட்டக்களப்பிலயா, கொழும்பிலயா?"

ஸப்னா கதிரையை இழுத்துப் போட்டாள். "இருங்க உம்மா, சொல்றன்" என்றாள். வெளியே இன்னும் பதினொரு பேர் காத்திருந்தார்கள். அவள் அவசரப்படாமல், முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.